மேற்குச் சரிவின் ஒன்பது கற்கள்

ஏப்ரல் 11

அன்புத் தம்பிக்கு,

மூட்டுவலியைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். உன் இருமல் நின்றதா? டீச்சர் எப்படி இருக்கிறாள்? போன கடிதத்தில் நான் விட்ட இரண்டு ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருந்தாள் உன் மனைவி. கட்டின புருஷனின் அக்கா என்றுகூடப் பார்க்காத நேர்மை!

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய சிவப்புச் சுண்ணாம்புக் கற்களை வைத்துப் பன்னிரண்டு வருடமாக நான் சொல்லிவருவது உனக்கே மனப்பாடம். அந்தக் கல் கடலடியில் படிந்த காலத்தில் நம் நிலம் பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, பிறகுதான் விலகி நகர்ந்தது. கல்லுக்குள் இருக்கும் இரும்புத் துகள்கள் அன்றைய காந்தத் திசையைப் பிடித்து வைத்திருக்கின்றன. நடுக்கோட்டருகே அந்தத் திசை படுக்கையாக இருக்கும், துருவம் நோக்கிப் போகப்போகச் செங்குத்தாகும். அதை அளந்துதான் சொன்னேன். பாடப்புத்தகத்தில்கூட ஏறிவிட்டது.

போன மாதம் ஒரு கூட்டத்தில், என் மகள் வயதில் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், அந்தக் காந்தம் கல்லு பொறந்தப்பவே வந்ததுன்னு எப்படித் தெரியும்? பின்னாடி மலை எழும்பினப்ப சூடான உப்புத்தண்ணி உள்ள புகுந்து, பழசை அழிச்சுட்டுப் புதுசா ஏத்தியிருந்தா?" என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

சரிபார்க்க வழி இருக்கிறது. உன் மலை வீட்டுக்கூரை மாதிரி மடிந்து நிற்கிறது. இதுவரை நீ அனுப்பியதெல்லாம் கிழக்குச் சரிவு. மேற்குச் சரிவிலிருந்தும் கல் வேண்டும். மடிவதற்கு முன்பே காந்தம் ஏறியிருந்தால் இன்று இரண்டு சரிவும் வெவ்வேறு திசை காட்டும். கணக்கில் கூரையைப் பிரித்துத் தட்டையாக்கினால் ஒன்றுசேரும். மடிந்த பிறகு ஏறியிருந்தால் இன்று நிற்கிற நிலையிலேயே இரண்டும் ஒரே திசை காட்டும். அப்படிக் காட்டினால் என் பன்னிரண்டு வருடமும் போச்சு.

கட்டைவிரல் பருமனில் இருபத்துநாலு துண்டு போதும். சீக்கிரம் அனுப்பு. டீச்சருக்கு என் அன்பு.

உன் அக்கா

•

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. டீச்சர் இந்த முறை நான்கு பிழை கண்டுபிடித்திருக்கிறாள். உனக்கு வயதாகிறது என்கிறாள். மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாத்திரையை மட்டும் நம்பாதே.

நீ கேட்கும் மேற்குச் சரிவு, கைவிடப்பட்ட பழைய குவாரி. அந்தக் காலத்தில் கண்டபடி வெடி வைத்திருக்கிறார்கள். சுவர் முழுக்க விரிசல். மேலே ஒரு பெரிய பாறை கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. குவாரியில் சர்வேயராக இத்தனை வருடம் வேலை பார்த்தவன் சொல்கிறேன், மழை பெய்யும்போது அதன் கீழே ஒரு நாய்கூடப் படுக்காது. இங்கே மழை தொடங்கிவிட்டது. அக்டோபரில் சுவர் காய்ந்த பிறகு போகலாம் என்று நினைக்கிறேன்.

எனக்காகத் துளை போடும் ஆளைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா, மெதுவா. எதற்கெடுத்தாலும் "மெதுவா சார்" என்பதால் குவாரியே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. அவரையும் கேட்டேன். "மெதுவா சார். அந்தக் கல்லு எத்தனையோ கோடி வருசமா அங்கதான நிக்குது. அஞ்சு மாசத்துல எங்க ஓடிறப் போவுது?" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

கோபித்துக்கொள்ளாதே.

தம்பி

•

மே 10

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது.

எங்கள் ஆய்வகத்துக்கு இன்னும் மூன்று வருடம் கொடுப்பதா, இழுத்துமூடுவதா என்று செப்டம்பரில் முடிவு செய்கிறார்கள். அந்தப் பெண்ணின் கேள்வி அதற்குள் எல்லார் வாயிலும் விழுந்துவிட்டது. அக்டோபரில் நீ அனுப்பும் கல்லை வைத்து நான் தோட்டத்துக்குச் சுவர்தான் கட்ட முடியும்.

மழை ஓயாமலா பெய்யும்? நடுவில் இரண்டு நாள் வெயில் அடிக்காதா? சின்ன வயதிலிருந்தே உனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். கிணற்றில் குதிக்க நான் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. குதித்த பிறகு நீதான் வெளியே வரமாட்டேன் என்றாய்.

இருபத்துநாலு துண்டு. உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

அக்கா

•

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை டீச்சரிடம் காட்டவில்லை. காட்டினால் பிழைதிருத்தத்தோடு நிற்கமாட்டாள்.

மூன்று நாளாக மழை இல்லை. நேற்று மெதுவாவும் நானும் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தோம். அவர் தலையை அண்ணாந்து வெகுநேரம் நின்றார். "உங்க அக்காவுக்கு ரொம்ப அவசரமா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி. இன்னும் ரெண்டு நாள் காயட்டும்" என்றார். விடுமுறை நாளில் போகிறோம். கம்பெனி வேலை இல்லை என்பதால் ஜீப்பை மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

கல்லோடு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

•

ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பெட்டியும் வரவில்லை. தபால்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

கல் எடுத்தாயா இல்லையா? உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். யாரோ எடுத்து "சர்வேயர் லீவு" என்றார். எதற்கு லீவு என்றால் "தெரியாதுங்க" என்று வைத்துவிட்டார். ஊர் சுற்றப் போய்விட்டீர்களா இரண்டு பேரும்?

அளவு எடுக்கும் அறையைத் துடைத்துச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். மேலோட்டமாக ஏறிய காந்தத்தை நீக்கக் கல்லைச் சூடாக்கும் அடுப்பைக்கூடச் சரிபார்த்துவிட்டேன். இனி நீதான் பாக்கி. எல்லாரும் நலம்தானே?

அக்கா

•

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதுகிறாள். வலது கையில் கொஞ்சம் அடி. அதனால்தான் தாமதம்.

கல்லை லாரி பார்சலில் அனுப்பியாகிவிட்டது. எந்தத் துண்டு சுவரில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்ற அம்புக்குறி, சரிவின் கோணம் எல்லாம் அங்கேயே குறித்தது. அதில் சந்தேகம் வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் எண்கள் மட்டும் டீச்சர் எழுதியவை.

மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் நிதானமாக அள. என்ன வந்தாலும் அப்படியே எழுது.

இங்கே எல்லாரும் நலம்.

தம்பி

•

ஆகஸ்ட் 6

அன்புத் தம்பிக்கு,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. கையை டாக்டரிடம் காட்டினாயா? வெறும் சுளுக்கு என்று விட்டுவிடாதே.

ஆனால் பெட்டியைத் திறந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்பதுதானா? இருபத்துநாலு கேட்டவளுக்கு ஒன்பதா? அவ்வளவு தூரம் போனவர்கள் இன்னும் ஒரு நாள் நின்று மிச்சத்தையும் எடுத்திருக்கக் கூடாதா? "மெதுவா மெதுவா" என்று உன் ஆள் வேலையை இழுத்திருப்பார். உனக்குக் கை சரியில்லை என்றால் அவரை மட்டுமாவது இன்னொரு தடவை அனுப்ப முடியுமா? திசை பார்க்கத் தெரியாது என்றால் நீ கீழே நின்று சொன்னால் போதுமே.

இருப்பதை வைத்து நாளை தொடங்குகிறேன். டீச்சருக்கு அன்பு. அவள் எழுதிய எண்கள் அச்சடித்த மாதிரி இருக்கின்றன.

அக்கா

•

ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை அவர் சொல்லி நான் எழுதவில்லை. அவருக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "ஒன்பதுதானா" என்ற இடம்வரை வாசித்தேன். அதோடு நிறுத்திவிட்டேன். "கொடு" என்று இடது கையால் வாங்கி அவரே படித்தார். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அண்ணி, மெதுவா இறந்துவிட்டார்.

அன்று காலையில் வெயில் நன்றாகத்தான் இருந்தது. ஒன்பது துண்டு எடுத்துவிட்டார்கள். பத்தாவதுக்கு மெதுவா துளைபோடும் மெஷினைப் பிடித்திருந்தார். இவர் பக்கத்தில் நின்று, துளை சூடேறாமல் இருக்கக் கேனிலிருந்து தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தில் மேலே பாறை நகர்ந்தது முதலில் கேட்கவில்லை. கேட்ட நொடியில் இவர் மெதுவாவின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். சட்டை மட்டும்தான் கைக்கு வந்தது. அந்தக் கையின் மேல் பாறை. குவாரி ஆட்கள் தேடிக்கொண்டு வரும்வரை, மெதுவாவின் காலைப் பார்த்தபடி அங்கேயே கிடந்திருக்கிறார். மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள். நீங்கள் சுளுக்கு என்று எழுதியிருந்தீர்கள்.

மயக்கம் தெளிந்ததும் முதலில் மெதுவாவைக் கேட்டார். அடுத்து ஜீப்பிலிருந்த கல்லைக் கேட்டார். அனுப்ப வேண்டாம், குப்பையில் போடுங்கள் என்று நான் கத்தினேன். "அதை எடுத்துட்டுத்தான அவர் போயிருக்காரு, எப்படித் தூக்கிப் போடுவ?" என்றார். அக்காவுக்கு உண்மையை எழுதுகிறேன் என்றதற்கு, "எழுதாத. அவ அளந்து முடிக்கட்டும். ஒரு ஆள் செத்த கல்லுன்னு தெரிஞ்சா, நல்ல பதிலா வரணுமேன்னு கை அந்தப் பக்கமே சாயும். அப்புறம் அது அளவே இல்ல" என்றார். இப்போது நான் எழுதிவிட்டேன். அளந்தது கெட்டுப்போனால் போகட்டும். "அவரை மட்டுமாவது அனுப்பு" என்று இன்னொரு கடிதம் வந்தால் என் வீட்டில் அதை வாசிக்க ஆள் இல்லை.

கம்பெனி வேலை இல்லை என்று கம்பெனி கைகழுவிவிட்டது. மெதுவாவின் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். பெயர் கூப்பிடும்போது அவள் பெயரில் வந்து நிற்கிறேன், நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மெதுவாவின் மனைவி இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். அழவில்லை, சண்டை போடவில்லை. "அந்தக் கல்லுல அப்படி என்ன டீச்சர் இருக்கு?" என்றுதான் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

•

அக்டோபர் 3

தம்பிக்கும் டீச்சருக்கும்,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

டீச்சரின் கடிதம் வந்தபோது நான்கு கற்களை அளந்து முடித்திருந்தேன். மீதி ஐந்தைத் தொட எனக்குப் பத்து நாளுக்கு மேல் ஆனது. நீ சொன்னது சரிதான் தம்பி, கை சாய்ந்தது. ஒவ்வொன்றையும் அடுப்பிலிருந்து எடுத்து ஆறவைத்து அளவுக் கருவியில் வைக்கும்போது, "இதாவது நல்லபடியாக வரட்டும், அவர் போனதற்கு ஒரு அர்த்தம் இருக்கட்டும்" என்று முணுமுணுத்தேன். அவருக்காக என்று சொல்லிக்கொண்டேன். எனக்காகவும்தான். அதனால் என் அளவை நான் நம்பவில்லை. ஒன்பதிலும் சூடாக்காமல் அறுத்து வைத்திருந்த மறுபாதியை, கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த இளம்பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்தக் கல், எங்கிருந்து என்று சொல்லாமல் அளக்கச் சொன்னேன்.

அவளுக்கும் அதே பதில்தான் வந்தது. கிழக்குச் சரிவும் மேற்குச் சரிவும், நிற்கிற நிலையிலேயே ஒரே திசையைக் காட்டுகின்றன. கூரையைத் தட்டையாக்கினால் ஆளுக்கொரு பக்கம் சிதறிப்போகின்றன. மலை மடிந்த பிறகு ஏறிய காந்தம். பிறந்தபோது இருந்தது ஒரு துளிகூட மிச்சமில்லை. அந்தக் கல் படிந்தபோது நிலம் எங்கே இருந்தது என்று அந்தக் கல்லால் சொல்ல முடியாது. இனி எந்தக் கருவி வந்தாலும் முடியாது. பன்னிரண்டு வருடமாக நான் சொன்னது தப்பு.

எங்கள் ஆய்வகத் தலைவரிடம் காட்டினேன். கதவைச் சாத்தினார். "பெட்டி வழியில நனைஞ்சுபோச்சு, நம்பர் அழிஞ்சுபோச்சுன்னு ஒரு வரி எழுதிடுங்க. ஒன்பது கல்லுதானே, அந்தப் பொண்ணுக்கும் எங்க எடுத்ததுன்னு தெரியாது, யார் தேடப் போறாங்க?" என்றார்.

"ஒரு ஆள் செத்திருக்கார் சார் இதுக்காக."

"அதனாலதான் சொல்றேன். வீணாச் செத்தாருன்னு ஆகணுமா? உங்க தம்பி கையும் சும்மா போச்சுன்னு ஆகணுமா? யோசிங்க."

யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவர் சொன்ன அந்த ஒரு வரியை ஒரு தாளில் எழுதிக்கூடப் பார்த்தேன். டீச்சரின் வரிசைவரிசையான எண்கள் கல்லின் மேல் அழியாமல் இருந்தன. கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் கூட்டத்தில் இரண்டு சரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். என் பழைய முடிவைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். ஆய்வகத்தை மூடுகிறார்கள்.

மெதுவாவின் மனைவி கேட்டதற்கு என் பதில் இதுதான்: நாங்கள் தேடியது அதில் இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அக்டோபர்வரை பொறுக்கச் சொன்ன உங்களை அவசரப்படுத்தியது நான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

என் தவறைத் திருத்தி எழுதும் கட்டுரையில் அவர் பெயரைப் போட வேண்டும். பன்னிரண்டு வருடமாக அவர் எடுத்த கல்லை அளந்திருக்கிறேன், அவருக்கு மெதுவா என்பதைத் தவிர ஒரு பெயர் இருப்பதை நான் கேட்டதே இல்லை. எழுதி அனுப்புங்கள்.

அறையைக் காலிசெய்து கொடுத்ததும் அங்கே வருகிறேன். வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள்.

அக்கா

•

அக்டோபர் 30

அக்காவுக்கு,

இடது கையால் எழுதும் முதல் கடிதம். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். டீச்சர் எழுதித்தருகிறேன் என்றாள். இதை நானே எழுத வேண்டும் என்றேன். காயம் ஆறிவிட்டது. என்னை ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. இல்லாத விரல் இன்னும் அரிக்கிறது. பழகிவிடும் என்கிறார் டாக்டர்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மெதுவாவின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். கூரை, மடிப்பு, காந்தம், நீ முடிவைத் திரும்பப் பெற்றது, ஆய்வகத்தை மூடுவது. அவசரம் உன்னுடையது என்பதையும், அவசரத்துக்குச் சரி சொன்னவன் நான் என்பதையும் சொன்னேன்.

கடைசியில், "அப்ப அதுல ஒண்ணுமே இல்லியா சார்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"இருக்குன்னு சொல்லியிருக்கலாமே. எனக்கென்ன தெரியவா போவுது?"

மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். பெயரைப் பற்றிக் கேட்டேன். "வேணாம். அதுல அவர் பேர் வேணாம். இல்லாததைத் தேடிப் போய்ச் செத்தாருன்னு எம்பொண்ணு நாளைக்குப் படிக்கவா?" என்றார். ஆகவே பெயரை நான் எழுதவில்லை. நீயும் போடாதே.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "உங்க அக்கா இங்க வருவாங்களா?" என்று கேட்டார். வருவதாக எழுதியிருக்கிறாள் என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

வா அக்கா. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். வராதே என்று எழுதினால் அது அதைவிடப் பெரிய பொய். ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன். இறங்கியதும் நேரே எங்கள் வீட்டுக்கு வராதே. குவாரிக் குடியிருப்பில் கடைசி வரிசை, பச்சைக் கதவு. அங்கே போ. டீச்சரையும் கூப்பிடாதே, தனியாகப் போ. கதவு திறக்கும்வரை நில். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள், பதில் சொல்லாதே.

அது முடிந்ததும் இங்கே வா. எவ்வளவு நேரம் ஆனாலும் சாப்பிடாமல் இருக்கிறோம்.

தம்பி